நாய் வண்டியில் போய்த் தீர்ப்பு சொன்ன அலாஸ்கா நீதிபதி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கயல்:
வணக்கம். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எல்லைப்புறப் பகுதிகளில் நீதிமன்றங்கள் எப்படித் தொடங்கின என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவைத் தேடினால் தூக்குத் தண்டனை கொடுத்த நீதிபதிகளின் கதைதான் வந்து நிற்கிறது. ஜேம்ஸ் விக்கர்ஷாம் என்ற பெயர் கண்ணில் பட்டது. வக்கீலாக இருந்து அலாஸ்காவுக்கு நீதிபதியாகப் போனவராம். கட்டடமே இல்லாத ஊரில் கோர்ட் எப்படி நடந்தது? அவரை நல்ல நீதிபதி என்று எழுதலாமா?

பழைய சிரஸ்தார்:
அம்மா, நான் முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் வேலை பார்த்து சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியராக, ஓய்வு பெற்றவன். மகள் சியாட்டிலில் இருக்கிறாள். அவளோடு போன கப்பல் பயணத்தில் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் இறங்கி, விக்கர்ஷாம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீட்டைப் பார்த்தேன். மேட்டில் மூச்சு வாங்க ஏற வேண்டும். மேலே போனால் கடல் கால்வாய் முழுவதும் தெரியும். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் படிக்கிறேன்.

1857-ல் இல்லினாயில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் ஜான் பால்மர் என்ற பெரிய வக்கீலின் ஆபீசில் சட்டம் படித்தார். 1883-ல் வாஷிங்டன் பகுதியில் டகோமாவுக்குப் போய் வக்கீல் தொழில் செய்தார். 1900-ல் அலாஸ்காவை மூன்று நீதிப் பிரிவுகளாகப் பிரித்தபோது, அதிபர் மெக்கின்லி மூன்றாம் பிரிவுக்கு இவரை நியமித்தார். ஏறக்குறைய 3 லட்சம் சதுர மைல், அதற்கு ஒரே நீதிபதி!

தலைமையிடம் யூக்கான் ஆற்றங்கரையில் ஈகிள் என்ற சின்ன ஊர். கோர்ட் கட்ட நாட்டின் தலைநகரான வாஷிங்டனிலிருந்து பணம் வரவில்லை. சாராயக் கடைக்காரர்களும் வியாபாரிகளும் கட்டிய லைசென்ஸ் பணத்தில்தான் கோர்ட்டும் சிறையும் எழுந்தன. அந்த மரக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

அவரிடம் முதலில் வந்த பிராதே ஒரு நாயைப் பற்றியது. சார்லி என்ற பழங்குடித் தலைவர் வந்து, ஈகிள் ஜாக் என்பவன் தன் நாயைத் திருடிவிட்டான், நீங்கள் மீட்டுத் தராவிட்டால் நானே போய் எடுப்பேன், அவனைக் கொன்றாலும் கொல்வேன் என்றாராம். நீதிபதி மனு எழுதி வா என்று சொல்லவில்லை, வாய்தா போடவில்லை. ஆளை அனுப்பி நாயை வரவழைத்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஊரில் நாய் இல்லாவிட்டால் பனிக்காலத்தில் பிழைப்பே இல்லை. எத்தனையோ பேர் சாதாரண ஒரு நகலுக்காக நடையாய் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தைப் படித்தபோது மனது நிறைந்துவிட்டது.

1901 குளிர்காலத்தில் ராம்பார்ட் என்ற ஊரில் கோர்ட் நடத்த, உறைந்த யூக்கான் ஆற்றின் மேலேயே, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் போனார். போக மட்டும் ஏறத்தாழ 500 மைல். வண்டியில் உட்கார்ந்து சொகுசாகப் போனார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கூடவே ஓட வேண்டும்.

அப்புறம் நோம் என்ற தங்கச் சுரங்க ஊர். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள். அங்கே ஆர்தர் நாய்ஸ் என்ற நீதிபதி, அலெக்சாண்டர் மெக்கென்சி என்ற அரசியல்வாதியோடு சேர்ந்துகொண்டு, வளமான தங்கச் சுரங்கங்களை ‘ரிசீவர்’ (வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் நியமிக்கும் ஆள்) என்ற பெயரில் மெக்கென்சியிடமே ஒப்படைத்தார். சான் பிரான்சிஸ்கோ அப்பீல் கோர்ட் தலையிட்டு மெக்கென்சியைச் சிறைக்கு அனுப்பியது. நாய்ஸ் போன பிறகு, மலைபோல் தேங்கிக் கிடந்த வழக்குக் கட்டுகளைத் தீர்க்க 1901-ல் விக்கர்ஷாமைத்தான் அனுப்பினார்கள். மக்கள் கோர்ட்டை நம்புவதையே விட்டிருந்த ஊர் அது. முதல் நீதிபதியாக ஒரு ஊருக்குப் போவதைவிட இதுதான் கடினம் என்பேன்.

ஃபேர்பேங்ஸ் நகரத்துக்குப் பெயர் வந்ததும் இவரால்தான். செனட்டர் சார்லஸ் ஃபேர்பேங்ஸ் பெயரை வைக்கச் சொன்னவர் இவர். 1903-ல் வட அமெரிக்காவின் மிக உயரமான தெனாலி மலை ஏறக் கிளம்பியபோது, செலவுக்காக ஒரு செய்தித்தாளைத் தட்டச்சில் ஏழே பிரதிகள் எடுத்து, ஒன்று 5 டாலருக்கு விற்றார்கள். உச்சியைத் தொடவில்லை. அவர்களைத் திரும்ப வைத்த, மலையின் வடக்கு முகத்துக்கு இன்று அவர் பெயர்.

மழைக்காடு:
ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டகோமாவை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே? 1885 நவம்பர் 3-ல் அங்கிருந்த சீனர்களை மழையில் ஊரைவிட்டு விரட்டியவர்களில் இவரும் ஒருவர்.

பழைய சிரஸ்தார்:
உண்மை. சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

ஏறத்தாழ 200 பேரை, எட்டு மைல் தள்ளியிருந்த ரயில் நிலையத்துக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். குளிரில் இரண்டு பேர் செத்தார்கள். வீடுகளையும் கடைகளையும் பிறகு கொளுத்தினார்கள். மேயர் உட்பட 27 பேர் மேல் குற்றச்சாட்டு பதிவானது, அதில் விக்கர்ஷாமும் உண்டு. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அப்போது அவர் அந்த மாவட்டத்தின் உயில், சொத்து வழக்குகளைப் பார்த்த நீதிபதி! பல வருடம் கழித்தும் அதை நியாயப்படுத்தித்தான் எழுதினார்.

டகோமா கடற்கரையில் அந்தச் சீனர்களின் நினைவாக ஒரு பூங்கா இருக்கிறது. மகளோடு போனேன். நாயை மீட்டுக் கொடுத்த கையும் இந்தக் கையும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். என்னால் இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல முடியவில்லை. கயல், நல்ல நீதிபதி என்று ஒரே சொல்லில் எழுதாதீர்கள். அலாஸ்காவில் கை சுத்தமாக உழைத்தார் என்று எழுதுங்கள், அதே பக்கத்தில் டகோமாவையும் எழுதுங்கள்.

கயல்:
இரண்டு பேருக்கும் நன்றி. நீதிபதி பதவியை ஏன் விட்டார்?

பழைய சிரஸ்தார்:
பதவியை நீட்டிக்க செனட் ஒப்புதல் தரவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் திரும்பத் திரும்ப இடைக்கால நியமனம் கொடுத்துத் தாங்கினார். 1907-ல் தானே விலகினார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று, அலாஸ்காவின் பிரதிநிதியாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போனார். ஓட்டுப் போட உரிமையில்லாத உறுப்பினர் பதவி அது. இருந்தும், அலாஸ்காவுக்கென்று சட்டமன்றம் தரும் சட்டத்தை 1912-ல் கொண்டுவந்தார். அதிபர் கையெழுத்திட்ட ஆகஸ்ட் 24 அவருடைய பிறந்த நாள். மாநில அந்தஸ்து கேட்டு முதல் மசோதா வைத்ததும் அவர்தான், 1916-ல். 1939-ல் இறந்தார். மாநிலமானது 1959-ல்.

இன்னொன்று. 1915 ஜூலையில் ஃபேர்பேங்ஸ் நூலகத்தில் தனனா பழங்குடித் தலைவர்களைச் சந்தித்தார். ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி வேண்டுமா, ஆளுக்கு 160 ஏக்கர் வேண்டுமா என்று கேட்டார். இரண்டுமே எங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவராது, எங்களை எங்கள் போக்கில் விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அவர் பேசியதைவிட அவர்கள் பேசியதை நிதானமாகப் படியுங்கள். கட்டுரை முடிந்ததும் இங்கே போடுங்கள், படிக்கிறேன்.