தோட்ட வீட்டு வழக்குச் செய்தியைச் சரிபார்க்க உதவி தேவை

வணக்கம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்ட வீட்டு வழக்கில் "தொழிலாளர்கள் தோற்றனர்" என்று போன வாரம் ஒரு பத்திரிகையில் தலைப்பு வந்தது, உள்ளே படித்தால் தள்ளுபடியானது இடைக்காலத் தடை கேட்ட மனு மட்டும்தான், முழு விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. நிர்வாகத்தின் வழக்கறிஞர் பேச்சு மட்டுமே இருக்கிறது. படமும் வேறொரு தோட்டத்தின் பழைய படம், கூகுளில் தேடிப் பார்த்துவிட்டேன். இதை நம்பிச் சிலர் வீட்டைக் காலி பண்ணக் கிளம்பிவிட்டார்கள், வயிற்றைப் பிசைகிறது.

மலாய்ப் பத்திரிகையோடு ஒப்பிட்டேன், நீதித்துறை இணையதளத்தில் தேடினேன், மனுவைத் தள்ளுபடி செய்த உத்தரவு அங்கே இல்லை. அந்தத் தலைப்பைப் போட்ட பத்திரிகைக்கு எழுதினேன், பதில் இல்லை. 2012 நீதிமன்ற விதிகளில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்க வழி உண்டு, வழக்கு எண்ணும் கையில் இருக்கிறது. வழக்கில் பெயர் இல்லாத ஒருவர் அந்த உத்தரவின் நகலை வாங்க உயர்நீதிமன்றத்தில் யாரிடம், எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?