குல்லாய் மாட்டிய வெள்ளை ஒயின், மண்ணெண்ணெய் வாசம்: என்ன திராட்சை என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

கோத்தகிரி மாப்பிள்ளை (சனி, இரவு 8:40)

வணக்கம். நாளை மதியச் சாப்பாட்டுக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

மனைவியின் அண்ணன் அடிலெய்டில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டு வந்தார். அதில் ஒன்று வெள்ளை என்று மட்டும் சொன்னார். மாமனாரின் குரங்குக் குல்லாயை பாட்டிலில் மாட்டி, முகம் தெரியும் ஓட்டை வழியாகக் கழுத்தை மட்டும் வெளியே விட்டு, குல்லாய் எட்டாத இடத்தில் பேப்பர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். "மாப்பிள்ளை, என்ன திராட்சை, எந்த நாடு, எத்தனை வயசு? மூணுல ரெண்டு சரியா சொன்னா அடுத்த பாட்டிலும் உங்களுக்குத்தான். இல்லேன்னா திங்கட்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸில் வர்ற சித்தப்பா குடும்பத்தைக் கூப்பிட நீங்கதான் மேட்டுப்பாளையம் போகணும்." அதாவது நாலரை மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். ஜனவரி மாதம் இங்கே நாலரை மணி எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். மண்ணெண்ணெய் வாசம் வருகிறது. கூடவே அந்துருண்டை, நீலகிரித் தைலம். ஒரே புளிப்பு, பல் கூசுகிறது. என் ஊகம் சாவின்யோன் ப்ளாங்க். (பெங்களூரில் இரண்டு முறை குடித்திருக்கிறேன், எனக்குத் தெரிந்த ஒரே பெயரும் அதுதான்.) ஆனால் உண்மையான கேள்வி வேறு: இது கெட்டுப்போய்விட்டதா? குடிக்கலாமா?

லவ்டேல் லோக்கல் (இரவு 8:52)

மண்ணெண்ணெயா? ரேஷன் கார்டைக் காட்டினாரா மச்சான்?

கொடைக்கானல் பேரிக்காய் (இரவு 9:05)

தம்பி, பயப்படாமல் குடிக்கலாம். கெட்ட ஒயினின் வாசமே வேறு. காற்றுப் பட்டுக் கெட்டிருந்தால் வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி இருக்கும், நிறமும் பழுப்பாகியிருக்கும். காடியாகிவிட்டால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். தக்கை கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், மழைக்காலத்தில் நம் வீட்டு பீரோவைத் திறந்தால் வருமே, அது. நீங்கள் சொல்லும் மண்ணெண்ணெய் இந்த மூன்றிலும் சேராது. சில ஒயின்களில் அதற்குத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள்.

திராட்சை பற்றிச் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள். எதில் ஊற்றிக் குடித்தீர்கள்? பாட்டில் எவ்வளவு குளிர்ச்சி? மூடி தக்கையா, திருகு மூடியா? நிறம் என்ன?

கோத்தகிரி மாப்பிள்ளை (இரவு 9:14)

அக்கா, எவர்சில்வர் டம்ளர். நிறம் தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை, ஜன்னல் ஓரமாக வைத்திருந்தோம். ஃப்ரிட்ஜைவிட அங்கே குளிர் அதிகம். திருகு மூடி.

குன்னூர் டீ டேஸ்டர் (இரவு 9:31)

முப்பத்தோரு வருஷம் தேயிலை ருசி பார்த்துப் பிழைத்தவன், அந்த உரிமையில் கொஞ்சம் திட்டுகிறேன். எவர்சில்வர் டம்ளரில் டீயைக்கூட மதிப்பிட மாட்டோம். வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வைப்பதே நிறம் தெரியத்தான்.

அடுத்தது, அந்தக் குல்லாய் எங்கிருந்து வந்தது? டிரங்குப் பெட்டியிலிருந்து என்றால் அந்துருண்டை வாசம் அதனுடையதுதான். பாட்டிலின் கழுத்தை மூக்கருகே கொண்டு போகும்போதெல்லாம் குல்லாயையும் சேர்த்துத்தான் முகர்ந்திருப்பீர்கள். தைலம் யார் தேய்த்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். எங்கள் டேஸ்டிங் அறையில் தலைக்கு எண்ணெய் வைத்து வந்தால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கண்ணாடி கிளாஸில் மூன்று விரற்கடை ஊற்றுங்கள். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு, கிளாஸோடு வேறு அறைக்குப் போங்கள். அடுப்பு, கம்பளி, ஊதுபத்தி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. குளிர்ந்த ஒயினில் வாசம் எழும்பாது. கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். அப்புறம் முகருங்கள். குடிக்கும்போது காற்றோடு சேர்த்து சர்ரென்று உறிஞ்ச வேண்டும். சத்தம் வரத்தான் செய்யும், வெட்கப்படாதீர்கள்.

கோத்தகிரி மாப்பிள்ளை (இரவு 10:20)

சார், கும்பிடுகிறேன். குல்லாய் டிரங்குப் பெட்டியில் இருந்ததுதான். சளி என்று மத்தியானம் மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டவன் நானேதான். சட்டையை மாற்றி, முகம் கழுவிக்கொண்டு, கிளாஸோடு மாடி அறைக்குப் போனேன்.

அந்துருண்டை போயே போச்சு. தைலமும் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் இருக்கிறது! முன்பைவிடத் தெளிவாகவே. அதற்குப் பின்னால் எலுமிச்சை மாதிரி ஒன்று. எலுமிச்சை என்பதைவிட நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருவது என்று சொல்லலாம். அதற்கும் பின்னால் பிரெட் டோஸ்ட். கிளாஸுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்துப் பார்த்தேன்: மஞ்சள், ஓரத்தில் லேசாகப் பச்சை.

கொடைக்கானல் பேரிக்காய் (இரவு 10:38)

இப்போது ஆட்டத்துக்கு வந்தீர்கள். வாசத்தை ஓரமாக வையுங்கள். பெங்களூரில் ஒயின் வகுப்புக்குப் போனபோது எனக்குக் கிடைத்த முதல் குட்டு இதற்காகத்தான். வாசம் பெயரைச் சொல்லும், ஆனால் பொய்யும் சொல்லும். நாக்கில் தெரியும் புளிப்பு, இனிப்பு, சாராயச் சூடு மூன்றும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது.

ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தலையைக் குனியுங்கள். புளியங்காயைப் பார்த்தால் ஊறுகிற மாதிரி எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த வாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியில் இனிப்பு தெரிகிறதா பாருங்கள். பழ வாசத்தை இனிப்பென்று மனசு நம்பிவிடும், மூக்கை அடைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றாவது, விழுங்கிய பிறகு தொண்டையில் எவ்வளவு சூடு?

கோத்தகிரி மாப்பிள்ளை (இரவு 10:55)

எச்சில் உடனே ஊறுகிறது, பதினைந்து எண்ணியும் நிற்கவில்லை. மூக்கைப் பிடித்தால் இனிப்பே கிடையாது, வெறும் புளிப்பு. சூடு நடுத்தரம்; எரியவில்லை, ஆனால் இருக்கிறது.

லவ்டேல் லோக்கல் (இரவு 11:02)

மாமனாரின் சுகர் மெஷினில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன், இனிப்பு இருக்கா இல்லையா தெரிந்துவிடும்.

கொடைக்கானல் பேரிக்காய் (இரவு 11:10)

ஸ்ட்ரிப்பை வீணாக்காதீர்கள். அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸுக்காகச் செய்தது. ஈஸ்ட் முதலில் தின்று தீர்ப்பது குளுக்கோஸைத்தான். ஒயினில் மிஞ்சும் சர்க்கரை பெரும்பாலும் ஃப்ரக்டோஸ். மெஷினுக்கு அது கண்ணிலேயே படாது.

சரி, கழித்துக்கொண்டே வருவோம். கெவூர்ட்ஸ்ட்ரமீனர் என்றால் லிச்சிப்பழமும் ரோஜாவும் முகத்தில் அறையும், புளிப்பு குறைவு. அது இல்லை. வியோன்யே என்றால் ஆப்ரிகாட் வாசம், அதுவும் புளிப்பில் சோம்பேறி. ஷார்டனேக்கு இப்படி ஒரு வாசம் கிடையாது. டோஸ்ட் வாசம் மரப்பீப்பாயிலிருந்து வந்திருக்கலாம் என்றால் வெனிலாவும் கூட வந்திருக்க வேண்டும். உங்கள் சாவின்யோன் ப்ளாங்க் புளிப்பில் ஒத்துப்போகும், ஆனால் அது வெட்டிய புல், பச்சைக் குடமிளகாய், பேஷன் ஃப்ரூட் பக்கம். எத்தனை வயதானாலும் மண்ணெண்ணெய்க்கு வராது. நம் நாசிக்கில் நிறையப் போடும் ஷெனின் ப்ளாங்கும் நல்ல புளிப்புதான், ஆனால் வயதானால் தேன், ஆப்பிள், ஈரக் கம்பளி என்று போகும்.

மிச்சம் இருப்பவை இரண்டு: ரீஸ்லிங், செமியோன். ஆஸ்திரேலியாவின் ஹன்ட்டர் வேலி செமியோன், பீப்பாயைப் பார்க்காமலேயே வயதான பிறகு டோஸ்ட் வாசம் தரும். தேர்வில் பலரைக் கவிழ்த்த ஆள் அது. ஆனால் அதில் சாராயம் குறைவு, பெரும்பாலும் 11 சதவீதத்தை ஒட்டித்தான். வாயில் மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பும் இருக்கும். உங்களுக்கு அது தெரிந்ததா? பாட்டிலின் உருவம் என்ன? தோள் இருக்கிறதா?

கோத்தகிரி மாப்பிள்ளை (இரவு 11:24)

வழவழப்பு இல்லை, கத்தி மாதிரி நேராகப் போகிறது. பாட்டிலைத் தொடக் கூடாது என்று மச்சான் சொல்லவில்லையே! இப்போதுதான் சத்தம் போடாமல் போய்க் குல்லாயின் மேலேயே தடவிப் பார்த்தேன். தோள் இல்லை. கழுத்திலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. பக்கத்தில் வைத்த விஸ்கி பாட்டிலைவிட நெட்டை, ஒல்லி.

கொடைக்கானல் பேரிக்காய் (இரவு 11:30)

ரீஸ்லிங். பேப்பரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நெட்டை பாட்டில் ஜெர்மனியிலும் பிரான்சின் அல்சாஸிலும் வழக்கம். ரீஸ்லிங் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது. செமியோனுக்குப் பெரும்பாலும் தோள் வைத்த பாட்டில்.

குன்னூர் டீ டேஸ்டர் (ஞாயிறு, காலை 6:15)

இரவு தூங்கிவிட்டேன். அந்த மண்ணெண்ணெய் பற்றி ஒரு வேடிக்கை. அதற்குக் காரணமான பொருளைச் சுருக்கமாக டி.டி.என். என்பார்கள். முழுப் பெயரின் கடைசியில் வருவது நாப்தலீன்! அந்துருண்டைக்குத் தூரத்து உறவு. அதனால் நீங்கள் முதலில் குழம்பியதில் தப்பில்லை, குல்லாயும் ஒயினும் ஒரே குடும்பத்து வாசத்தைத்தான் விட்டுக்கொண்டிருந்தன. திராட்சைத் தோலில் உள்ள கரோட்டினாய்டு சிதைந்து, பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது இது உருவாகிறது. பழத்தில் நேர் வெயில் அதிகம் பட்டால் இதுவும் அதிகம். தக்கை இதில் பாதிபோல உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி உறிஞ்சாது.

தேயிலையில் இதே வாசம் வந்தால் மூட்டையை எங்கே வைத்தாய் என்று கேட்டிருப்போம். ஏலத்தில் ஒரு பைசா தேறாது. ஒரு தொழிலில் குற்றம், இன்னொன்றில் சீர்வரிசை.

ஊட்டி ஸ்டீவர்டு (காலை 7:40)

நாடு விஷயத்துக்கு வருகிறேன், ஓட்டலில் ஊற்றிப் பார்த்த அனுபவம். ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் இனிப்பு மிஞ்சியிருக்கும். அந்த இனிப்பு ரகத்தில் சாராயம் 8 சதவீதம்கூட வரும், தொண்டையில் சூடே தெரியாது. இவர் சொல்வது முற்றிலும் இனிப்பில்லாதது, நார்த்தங்காய், டோஸ்ட், திருகு மூடி. எல்லாம் தென் ஆஸ்திரேலியாவைக் காட்டுகிறது. க்ளேர் வேலிக்காரர்கள் சேர்ந்து 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்தே ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட ஆரம்பித்தவர்கள். மச்சான் இருப்பது அடிலெய்டு. அங்கிருந்து வடக்கே காரில் போகிற தூரம்தான் க்ளேர்.

லவ்டேல் லோக்கல் (காலை 7:55)

மச்சான் அடிலெய்டு என்பதை வைத்து நானும் ஆஸ்திரேலியா சொல்லியிருப்பேன், ஒரு சொட்டு குடிக்காமலே.

ஊட்டி ஸ்டீவர்டு (காலை 8:10)

அதனால்தான் அதைக் கடைசியில் சொன்னேன். ஏர்போர்ட்டில் எந்த நாட்டு பாட்டிலையும் வாங்கி வந்திருக்கலாம். வயசுக்கு 8 முதல் 10 என்று எழுதுங்கள். இளசாக இருந்தால் எலுமிச்சை மட்டும்தான், நிறமும் தண்ணீர் மாதிரி. டோஸ்ட் வருவதற்கு வருஷங்கள் ஆகும். ரொம்பப் பழசென்றால் ஓரத்துப் பச்சை போய் முழுப் பொன்னிறமாகியிருக்கும்.

கோத்தகிரி மாப்பிள்ளை (மாலை 4:30)

எல்லோருக்கும் நன்றி. சாப்பாட்டு மேசையில் மச்சான் முன்னால், ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்: "ரீஸ்லிங். ஆஸ்திரேலியா, க்ளேர் வேலி. ஒன்பது வயசு." என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உறிஞ்சிய சத்தத்துக்காக.

அவர் மெதுவாக ரப்பர் பேண்டைக் கழற்றி, பேப்பரைப் பிரித்து, குல்லாயை உருவினார். ரீஸ்லிங். ஆஸ்திரேலியா. ஆனால் க்ளேர் இல்லை, ஈடன் வேலி. 12 சதவீதம். வயசில் மூன்று வருஷம் தப்பு, பன்னிரண்டு ஆகிவிட்டது. மூன்றில் இரண்டு சரி. சித்தப்பாவைக் கூப்பிட மச்சானே போகிறார்.

கொடைக்கானல் பேரிக்காய் (மாலை 4:52)

ஈடனும் க்ளேரும் குழம்புவது சகஜம், தம்பி. இரண்டுமே உயரத்தில் இருப்பவை, குளிர்ந்த இரவு, அதே நார்த்தங்காய்ப் புளிப்பு. ஈடனில் பூ வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பார்கள். தைலம் தேய்த்த மூக்குக்கு அதெல்லாம் எட்டாது. திருகு மூடியால் வயசு தெரியாமல் இருந்திருக்கிறது, அது எனக்கும் பாடம்.

குன்னூர் டீ டேஸ்டர் (மாலை 5:20)

குன்னூர் டீயா கோத்தகிரி டீயா என்று கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்டாலும் பத்துக்கு மூன்று தடவை தப்பாகத்தான் சொல்வேன். மிச்சம் இருக்கிறதா?

கோத்தகிரி மாப்பிள்ளை (மாலை 5:41)

கால் பாட்டில் இருக்கிறது சார், மூடியை இறுக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாவது பாட்டில் சிவப்பாம். அதையும் ராத்திரி மூடித்தான் கொடுப்பாராம், இந்த முறை கம்பளி சாக்ஸ். துவைத்ததா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.