பழைய காருக்கு டச்ஸ்கிரீன் செட், எதைப் பாத்து எடுக்கிறது?

கேள்வி:
கார்ல இன்னும் பழைய சிடி ப்ளேயர்தான் இருக்கு, கழட்டிட்டு டச்ஸ்கிரீன் போடலாம்னு பாக்குறேன். மேப் பெருசா தெரியணும், ஸ்டியரிங் பட்டன்லயே போன் எடுக்கணும், ரிவர்ஸ் கேமரா மாட்டணும், அவ்வளவுதான் தேவை. போன்ல இருக்கிறதைத் திரையில காட்டுற 7 இன்ச் கார்ப்ளே செட்டா, தானே ஆப் ஓட்டுற 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட்டா? பெருசைப் பாத்தா ஆசையாத்தான் இருக்கு, ஆனா போகப் போக ஸ்லோ ஆயிடும்னு சொல்றாங்களே.

பதில் 1:
முதல்ல டேஷ்போர்டு ஓட்டையை அளந்து பாருங்க ப்ரோ. ஓட்டைக்கு ரெண்டு ஸ்டாண்டர்ட் சைஸ் இருக்கு: டபுள் டின்னா 180க்கு 100 மில்லிமீட்டர் வரும், சிங்கிள் டின்னா உயரம் 50தான். 9 இன்ச்சுக்கு உங்க மாடலுக்குன்னே ஃப்ரேம் வேணும், அது ஏசி வென்டை மறைக்குதான்னும் பாத்துக்கோங்க. ஸ்டியரிங் பட்டன் சில கார்ல சாதாரண வயர்ல வரும், சிலதுல கேன் பஸ்ல, அதாவது காரோட டிஜிட்டல் நெட்வொர்க்ல வரும், ரெண்டாவதுன்னா தனி அடாப்டர் இல்லாம வேலை செய்யாது. வயரை வெட்டாம சொருகுற கப்ளர் வாங்கி மாட்டச் சொல்லுங்க, கம்பெனி வயரை வெட்ட மட்டும் விடாதீங்க.

பதில் 2:
நான் 1 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு செட் வாங்கி அவஸ்தைப்பட்டவன். காலைல வண்டிய எடுத்து ரிவர்ஸ் போட்டா செட் இன்னும் ஆன் ஆகிட்டே இருக்கும், கேமரா வர்றதுக்குள்ள வண்டி வெளிய வந்துடும், பின்னாடி குழந்தைங்க நின்னா என்ன ஆகுறதுன்னு பயந்தே மாத்திட்டேன். கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ரெண்டுலயும் ஆப் ஓடுறது உங்க போன்லதான், செட் வெறும் திரை மாதிரி, அதனால போன் மாத்தினா மேப்பும் வேகமாயிடும். வயர்லெஸ்ல ப்ளூடூத் சேர்த்து வைக்கும், மேப், பாட்டெல்லாம் வைஃபைல போகும், லாங் டிரைவ்ல போன் சூடாகும். யூஎஸ்பிலயும் ஓடுற செட்டா எடுங்க.

பதில் 3:
டப்பால 4 x 50 வாட்னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க, அது பீக், ஒரு நொடி தாங்குற உச்சம். தொடர்ந்து தர்ற பவரான ஆர்எம்எஸ் பாருங்க, 20 வாட் பக்கம்தான் இருக்கும். பின்னாடி தனி ஆம்ப்ளிஃபையர் போடுற ஐடியா இருந்தா அதுக்கு சிக்னல் அனுப்புற ப்ரீ அவுட் 4 வோல்ட் இருக்கிறது நல்லது. டச் போன் மாதிரி லேசா தொட்டாலே போதும்ங்கிற கெபாசிட்டிவ்தானான்னு கேளுங்க, ரெசிஸ்டிவ்னா அழுத்தி அழுத்தித்தான் வேலை வாங்கணும். வால்யூமுக்குத் திருகுற நாப் இருக்கிற செட் கிடைச்சா விடாதீங்க, ஓட்டும்போது ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம திருகலாம்.

கேள்வி கேட்டவர்:
அளந்துட்டேன், சரியா டபுள் டின். 7 இன்ச், நாப் வச்சது, அதையே எடுக்கிறேன். இன்னொண்ணு, நண்பர் ஒருத்தர் கார்ல வண்டிய ஆஃப் பண்ணா செட்டிங் எல்லாம் அழிஞ்சுடுது, அது ஏன்?

பதில் 1:
செட்டுக்குப் போற மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் மாறியிருக்கும் ப்ரோ. பெரும்பாலும் மஞ்சள்தான் பேட்டரில இருந்து எப்பவும் வர்ற கரண்ட், மெமரி நிக்கிறது அதுலதான். சிவப்பு சாவி போட்டா மட்டும் வரும். உங்க செட்டை மாட்டி முடிச்சதும் ஒருதடவை சாவிய எடுத்துட்டுப் போட்டு ரேடியோ ஸ்டேஷன் அப்படியே இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேனலை மூடச் சொல்லுங்க.