கணக்குப்பிள்ளை விலகும்போது கடவுச்சொற்களை என்ன செய்வது?

கேள்வி: காரைக்குடியில் நாங்கள் நடத்தும் கண்டாங்கிச் சேலைக் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தளம், ஜிமெயில் மூன்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான், அது ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குப்பிள்ளை இம்மாதத்துடன் விலகுகிறார். எதை முதலில் மாற்ற வேண்டும்?

பதில் 1: முதலில் ஜிமெயில், ஐயா. மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும் என்பதால், அது பிறர் கையில் இருக்கும்வரை வேறு எதை மாற்றியும் பயனில்லை. மாற்றிய கையோடு மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். கணக்குப்பிள்ளையின் கைபேசியை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்றி, கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை உங்கள் எண்ணில் இயக்குங்கள்.

பதில் 2: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி தளத்தில் பதிவான கைபேசி எண் கணக்குப்பிள்ளையுடையதாக இருந்தால், அவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். டேலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுத்து, பில் போடுபவருக்குப் பில் பகுதியை மட்டும் திறந்துவிட்டால், ஒருவர் விலகும்போது அவருடைய பெயரை நீக்குவதோடு வேலை முடிந்துவிடும். பொதுக் கடவுச்சொல்லை நான் எந்தக் கடைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3: மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றும்படி ஊழியர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017லேயே அதைக் கைவிடச் சொன்னது. நீளமான கடவுச்சொல்லே மேல்.