'சாங்ஷன்' (sanction) – அமெரிக்க ஏவுகணைச் சட்டத்துல வர்றதுக்குத் தமிழ்ல என்ன?

எல்லாருக்கும் வணக்கம். இஸ்ரோ வரலாறு பத்தி பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. 1992 மே மாசம் இஸ்ரோ மேலயும் ரஷ்யாவோட விண்வெளி நிறுவனம் கிளாவ்கோஸ்மாஸ் மேலயும் அமெரிக்கா ரெண்டு வருஷத்துக்கு சாங்ஷன் போட்டாங்கல்ல, கடுங்குளிர்த் திரவ எரிபொருள்ல ஓடுற கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பம் நமக்குக் கைமாறுது, ஏவுகணைக்கும் உதவும்னு சொல்லி. நான் எழுதினது: "ஏற்றுமதித் தடையை மீறியதற்காகத் தடை விதிக்கப்பட்டது." முதல் தடை பொருள் மேல, ரெண்டாவது ஆள் மேல. படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் பிரியும்?

*

அக்கா, பேப்பர்ல வர்ற "பொருளாதாரத் தடை"யே போதும். அகராதியைப் பாத்து "ஒப்பளிப்பு"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, அரசாங்க ஆபீஸ்ல சாங்ஷன்னா பணம் ஒதுக்கி ஒப்புதல் தர்றது, நேர் எதிர்.

*

பொருளாதாரத் தடை எண்டா எங்கட ஆக்களுக்கு வேற ஞாபகம். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்கு பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, ஜாம் போத்தலுக்குள்ள திரி விட்டுத்தான் படிச்சனாங்கள். அது ஒரு சனத்துக்கே போட்டது. ரெண்டு நிறுவனத்துக்குப் போட்டதுக்கும் அதே சொல்லோ? வேண்டாம்.

*

நல்ல தமிழ்ச்சொல் இருக்கையில் ஏன் தேடுகிறோம்? ஒறுப்பு, அதாவது தண்டித்தல். "தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து" – குறள் 561. அதோட, வாய் உடைஞ்ச பானைக்கு ஒறுவாய்னு பேரு. ஒறு என்பதன் அடியில் சிதைத்தல், குறைத்தல் எல்லாம் கிடக்குதுன்னுதான் என் எண்ணம். வணிகத்தைக் குறைப்பதும் ஒறுப்பே.

*

ஐயா, அந்தக் குறளே உங்களுக்கு எதிரா நிக்குது. "தக்காங்கு நாடி"ன்னா விசாரிச்சுங்கிறாரு. சாங்ஷன்ல கோர்ட்டே கிடையாது. அமெரிக்கால உரிமம் இல்லாம ஆயுதப் பொருளை அனுப்பினவரைக் கோர்ட்ல நிறுத்தி, ஒரு மீறலுக்கு 20 வருஷம் வரை உள்ள போடலாம், 10 லட்சம் டாலர் வரை அபராதம் போடலாம். அது தண்டனை. சாங்ஷன் வேற, வெளிநாட்டு நிறுவனத்தைப் பாத்து அரசாங்கமே, உனக்கு எங்க ஒப்பந்தம் கிடையாது, எங்க பொருளுக்கு உரிமம் கிடையாதுன்னு சொல்றது. கைமாறினது 500 கிலோவை 300 கிலோமீட்டர் கொண்டுபோற ஏவுகணை வகைன்னா தடை இன்னும் கடுமை. ஊர்ல ஒருத்தரைத் தள்ளி வைக்கிற மாதிரிதான். அதனால "விலக்கம்".

*

விலக்கம் சரிப்படாதுங்க. அதே சட்டத்துல ஜனாதிபதி நினைச்சா சாங்ஷனைத் தளர்த்தலாம்னு இருக்கு, அதுக்கு நாம "விலக்கு"ன்னுதான எழுதுவோம், அப்போ விலக்கத்துக்கு விலக்கா? இன்னொண்ணு, ஊர்விலக்கத்தால கிணத்துல தண்ணி எடுக்க முடியாம நின்ன குடும்பங்க இருக்கு. அந்த வார்த்தையைச் சட்டத்துக்குள்ள கொண்டுபோய் உக்கார வைக்க எனக்கு மனசு வரல.

*

சொல் இருக்கட்டும், வாக்கியமே தப்பு. அந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பின்னால, ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாம இருக்க பல நாடுகள் சேர்ந்து வச்ச கட்டுப்பாட்டு ஏற்பாடு (MTCR) இருக்கு. 1992ல இந்தியா அதுல சேரவே இல்ல, சேந்தது 2016ல. சேராத ஏற்பாட்டை எப்படி "மீறியதற்காக"? அதோட அந்த எஞ்சின் ஏவுகணைக்குச் சரிப்படாது: அதோட எரிபொருளான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரில இருக்கணும், அதை நிரப்பி ஏவுகணையை எப்பவும் தயாரா வச்சிருக்க முடியாது. நான் மகேந்திரகிரி பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறேன், எஞ்சின் சோதனை நடக்கிற இடத்துப் பிள்ளைங்க. அவங்க கைக்கு இந்த வாக்கியம் போகக்கூடாது.

*

எல்லாருக்கும் நன்றி. தண்டனையையும் தடையையும் சேர்த்து "தண்டனைத் தடை"ன்னு போடலாமான்னா நாலு பேர் கை தூக்கிட்டீங்க, அதையே வச்சுக்கிறேன். முதல் தடையைக் கட்டுப்பாடுன்னு மாத்தினதும் பாதிக் குழப்பம் போயிருச்சு: "ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரானது என்று கூறி, 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் அமெரிக்கா இரண்டு ஆண்டுகளுக்குத் தண்டனைத் தடை விதித்தது."

*

"கூறி" போட்டது ரொம்பச் சரி. ஆனா கோர்ட் இல்லாத இடத்துல தண்டனைங்கிற சொல் வரக்கூடாது, என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.