அப்பாவோட ஒத்தக்குழல் துப்பாக்கி: என் பேருக்கு மாத்தவா, விட்டுரவா?

களக்காட்டு ஏத்தன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு களக்காட்டுக்கு மேற்க, மலையடிவாரம். ஏத்தன் வாழைதான் வெள்ளாமை. போன ஐப்பசியில எங்கப்பா தவறிட்டாங்க. அவங்க பேர்ல லைசென்ஸோட ஒரு ஒத்தக்குழல் துப்பாக்கி இருக்கு. தாத்தா வாங்குனது, பிறகு அப்பா பேருக்கு மாறுனது. கட்டையில தாத்தா இனிஷியல் ஆணியால கீறி இருக்கும்.

அதை வச்சு அப்பா என்ன சாதிச்சாங்கன்னு கேட்டா, உண்மையைச் சொல்லணும்னா பெருசா ஒண்ணும் இல்ல. தீவாளிக்கு முந்தி எண்ணெய் போட்டுத் துடைப்பாங்க. பன்னி இறங்குற ராத்திரி வானத்தைப் பாத்து ஒரு வெடி. மத்தபடி அது ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வர்ற சோலிதான். எலெக்‌ஷன் அறிவிச்ச மறுநாளே ஆள் வந்துரும். சாக்குல சுத்தி டிவிஎஸ் வண்டியில கட்டிக் கொண்டுபோய்க் குடுக்கணும், ரசீது வாங்கணும், ரிசல்ட் எல்லாம் வந்து அடங்குன பிறகு போய்த் திருப்பி வாங்கணும். 2019ல பார்லிமெண்டு. 2021ல சட்டசபை, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்ல உள்ளாட்சி. 2024ல மறுபடியும் பார்லிமெண்டு. "இது என் துப்பாக்கியா, ஸ்டேஷன் துப்பாக்கியால?"ன்னு அப்பாவே சிரிப்பாங்க.

ஆனா பன்னித் தொயரம் சிரிக்கிற மாதிரி இல்ல. ஒரு கூட்டம் இறங்குச்சுன்னா கன்னை முட்டிச் சாய்ச்சு கிழங்கைத் தின்னுட்டுப் போயிருது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல பஞ்சாயத்து பிரசிடெண்டே சுட ஆர்டர் போடலாமாமே, நமக்கு மட்டும் ஏன் இல்ல?

மச்சான் மாத்திக்கோங்கான். வீட்டுக்காரி "அந்தச் சவத்தை முதல்ல வெளிய கொண்டு போங்க"ங்கா. தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்குத்தான் வேணும்னு நிக்கான். வாய்க்கா பக்கத்துத் துண்டு நிலத்துல எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சு இருக்கு, அது வேற விஷயம்.

வாரிசுக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா? அதை வச்சுப் பன்னியைச் சுடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டல்லாஸ் பாண்டி (சொந்த ஊரு வள்ளியூர்):

தம்பி, விட்டுராத. ஒரு தடவை போச்சுன்னா நம்ம நாட்டுல திரும்பக் கிடைக்காது. நான் டெக்ஸாஸ்ல இருக்கேன். இங்க 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு ஆச்சுன்னா, தடை எதுவும் இல்லாத ஆளு பெர்மிட்டே இல்லாமக் கைத்துப்பாக்கி இடுப்புல வச்சுக்கலாம். 1791ல அரசியல் சாசனத்துல சேத்த உரிமை இது. தனி மனுஷனுக்கு உள்ள உரிமைதான்னு 2008ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. எங்க தெருவுல முக்கால்வாசி வீட்டுல துப்பாக்கி இருக்கும், ஒரு திருட்டு கிடையாது.

நம்ம சட்டம் யாரு போட்டது? 1878ல லிட்டன் பிரபு போட்டது. வெள்ளைக்காரன் நம்மளைப் பாத்துப் பயந்து போட்ட சட்டத்தை நாம பேரை மாத்தி வச்சுக்கிட்டு ஓட்டுதோம். மணியாச்சியில 1911ல வாஞ்சி கையில துப்பாக்கி இல்லாட்டி ஆஷ் துரை பயந்திருப்பானா? யோசி.

பெருமாள்புரம் ரிட்டயர்டு:

களக்காட்டுத் தம்பிக்கு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் பைல் வர்ற சீட்டுல கொஞ்ச காலம் உக்காந்தவன் நான். முதல்ல சட்டத்தைச் சொல்லுதேன், என் அபிப்பிராயம் பின்னால வரும்.

லைசென்ஸ் உங்க அப்பா பேருக்குக் குடுத்தது, அவங்களோட முடிஞ்சு போச்சு. இப்ப அந்தத் துப்பாக்கி உங்க வீட்டு பீரோவுல இருந்தா அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டம் 21வது பிரிவு, தாமதிக்காம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைக்கச் சொல்லுது. ஐப்பசின்னு எழுதிருக்க, மாசி பிறந்தாச்சு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், கூடுனா 5 வருஷம் உள்ள. அதனால நாளைக்குக் காலையில முதல் சோலி அதுதான். ஒப்படைச்சுட்டதால வாரிசு உரிமை போயிராது. ரசீதைப் பத்திரமா வச்சுக்கிட்டு 2016 விதிகள்ல 25வது விதிப்படி வாரிசா விண்ணப்பம் போடலாம். வாரிசுச் சான்று வேணும், துப்பாக்கியைப் பத்திரமாக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேணும், போலீஸ் விசாரணை உண்டு. மத்த வாரிசுகள் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும்.

இந்த இடத்துலதான் நீ "வேற விஷயம்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போன விஷயம் வந்து நிக்கும். தம்பி கையெழுத்துப் போடணும். அவன் போட மாட்டான், உன் கதையிலயே தெரியுது. போட்டாலும் விசாரிக்க வர்ற ஏட்டு தெருவுல நாலு பேர்ட்டக் கேப்பாரு. "அண்ணன் தம்பிக்குள்ள நிலத்தகராறு" அப்படின்னு ஒரு வரி அறிக்கையில ஏறுச்சுன்னா பைல் அங்கயே படுத்துக்கும். எந்தக் கலெக்டரும் அதுக்கு மேல கையெழுத்துப் போட மாட்டாரு. பொது அமைதி கெடும்னு தோணுனா மறுக்க 14வது பிரிவு இடம் குடுக்கு. 30 நாளுக்குள்ள அப்பீல் உண்டு, போய்ப் பாரு. நான் ஆபீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரிப் பைல் மேல எனக்கு ஒரு பரிவும் வந்ததில்ல. காரணம் சொல்லுதேன்.

நம்ம பக்கம் கோவத்துக்குப் பஞ்சம் இல்ல. வரப்புக்கு வெட்டு, கொடைக்கு வெட்டு, பேனர் கட்டுனதுக்கு வெட்டு. எல்லாம் அரிவாள். அரிவாளுக்குக் கிட்ட வரணும். வர்றதுக்குள்ள ஒருத்தன் ஓடலாம், ஒரு பொம்பளை குறுக்க விழுந்து கும்பிடலாம், வெட்டு வாங்குனவனை ஆட்டோவுல போட்டு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். அப்படிப் பிழைச்சு எந்திரிச்சு வந்து சாட்சி சொன்னவங்க இந்த ஜில்லாவுல எத்தனையோ பேர். அதே தகராறு, அதே ஆளு, கையில மட்டும் துப்பாக்கின்னு வச்சுப் பாரு.

டல்லாஸ் தம்பிக்கு: நீங்க சொன்ன அதே டெக்ஸாஸ்ல உவால்டே பள்ளிக்கூடம். 2022 மே 24. 19 பிள்ளைங்க, 2 டீச்சர். சுட்டவனுக்கு 18 வயசு, கடையில முறைப்படி வாங்குன துப்பாக்கி. அன்னைக்கு அங்க வந்து கூடுன போலீசு 376 பேருன்னு டெக்ஸாஸ் சட்டசபைக் கமிட்டியே எழுதிருக்கு. உள்ள போகுறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. துப்பாக்கி வச்சிருக்க நல்லவன் வந்து காப்பாத்துவான்னா 376 பேரு காணாதா?

லிட்டன் கதை சரிதான். நம்ம சீமையில அதுக்கும் முந்தியே உண்டு. 1799ல கயத்தாத்துல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கையோட மேஜர் பானர்மேன் பாளையக்காரங்க கோட்டையை எல்லாம் இடிக்கச் சொல்லி, ஆயுதத்தையும் பிடுங்குனான். அவன் நல்ல எண்ணத்துல செஞ்சான்னு எந்தக் கோட்டிக்காரனும் சொல்ல மாட்டான். ஆனா கெட்டவன் போட்ட பூட்டுங்கிறதுக்காக இன்னைக்கு உடைக்கணுமா? 2016 கடைசிக் கணக்குப்படி நாடு முழுக்க லைசென்ஸ் 33 லட்சத்துக்கு மேல, உத்தரப்பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டுல 22 ஆயிரத்துச் சொச்சம். கல்யாண வீட்டுல வானத்தைப் பாத்துச் சுட்டா 2 வருஷம் ஜெயில், இல்லன்னா லட்ச ரூவா அபராதம், ரெண்டும் சேத்தும் உண்டுன்னு 2019ல தனியா ஒரு பிரிவே எழுத வேண்டியிருந்துச்சு. எந்தப் பக்கத்து மாப்பிள்ளை ஊர்வலத்தை நினைச்சு எழுதுனதுன்னு சொல்ல வேண்டாம். நம்மூர்ல வாணம் விடுததோட சரி.

பன்னி பத்திக் கேட்டல்லா. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் குடுக்க ஆயுதச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா 1972 வனவிலங்குச் சட்டம் தனி. உன் லைசென்ஸ் உனக்குத் துப்பாக்கி வைக்கத்தான் அனுமதி, பன்னியைச் சுட அனுமதி இல்ல. கேரளாவுல 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரம் இருக்கது உண்மை. நம்ம அரசாங்கம் 2025 ஜனவரியில ஒரு வழி சொல்லிச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுடவே கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். மூணுக்கு மேல போனாத்தான் சுடலாம், அதுவும் பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுதான் சுடணும். உன் தோட்டம் மலையடிவாரம்னா எந்தக் கணக்குல வருதுன்னு நீயே அளந்துக்கோ.

பாளை வக்கீல்:

ரிட்டயர்டு சார் சட்டம் சொன்னது சரி. ஆனா "நம்ம பக்கம் துப்பாக்கி கம்மி, அதனால நல்லது"ன்னு சொல்றப்ப யார்கிட்ட கம்மின்னு ஒரு கேள்வி விட்டுப் போகுது சார். இருந்த கொஞ்சம் லைசென்ஸும் ஜமீன் வீட்டுலயும் மிராசு வீட்டுலயும்தானே இருந்துச்சு? களக்காட்டுத் தம்பியோட தாத்தாவுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு நான் கேக்கல. தலித் குடியிருப்புல இருந்தவருக்கு அதே காலத்துல கிடைச்சிருக்குமா?

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, 3வது விதியை யாரும் வாசிக்கிறதே இல்ல. வன்கொடுமை நடக்கலாம்னு கண்டுபிடிச்ச பகுதியில மத்தவங்களோட துப்பாக்கி லைசென்ஸை ரத்து பண்ணி ஆயுதத்தை அரசாங்கக் கிடங்குல வாங்கி வைக்கலாம். அவசியம்னா எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு லைசென்ஸ் குடுக்கலாம். ரெண்டும் ஒரே விதியில இருக்கு. அதே வருஷம்தான் நம்ம தென்மாவட்டத்துல கொடியன்குளம், தலித் ஊருக்குள்ள போலீஸ் புகுந்து அடிச்சு நொறுக்குனது. ரெண்டாவது பாதியை நம்பி ஒருத்தரும் மனு எழுத என்கிட்ட வந்ததில்ல.

டல்லாஸ் அண்ணனுக்கு ஒரு தகவல். ஆயுதம் வைக்கிற உரிமையை 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானமே கேட்டுச்சு, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுன்னு சேத்து. 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில காமத் அதை அடிப்படை உரிமையில சேக்கணும்னாரு. அம்பேத்கர் ஏத்துக்கல. அதனால வெள்ளைக்காரன் சட்டத்தை நாம யோசிக்காமத் தூக்கிட்டு வந்தோம்னு சொல்ல முடியாது. விவாதம் பண்ணித்தான் வேண்டாம்னாங்க.

டல்லாஸ் பாண்டி:

வக்கீலம்மா, அப்ப நீங்களே ஒத்துக்கிடுதீங்க, பலமில்லாதவன் கையிலதான் துப்பாக்கி வேணும்னு. அதைத்தானே நானும் சொல்லுதேன்.

பாளை வக்கீல்:

இல்லண்ணே. அவனுக்கு ஒண்ணு குடுத்தா எதிர்வீட்டுக்காரன் நாலு வாங்குவான். காசும் செல்வாக்கும் அங்கதான் இருக்கு. முதல் பாதியை ஒழுங்கா அமல்படுத்துங்கன்னுதான் என் வாதம்.

மேலப்பாளையம் சிஸ்டர்:

நான் நர்ஸ். சட்டம் தெரியாது. தற்கொலை முயற்சி கேஸ் நிறைய பாத்திருக்கேன், பெரும்பாலும் பூச்சிமருந்து. வாயில நுரையோட வந்தவங்க கண்ணு முழிச்சதும் கேக்குற முதல் வார்த்தை "என்னைக் காப்பாத்துங்க சிஸ்டர்". சாகணும்ங்கிற எண்ணம் அந்தக் கொஞ்ச நேரம்தான். இலங்கையில கொடிய மருந்துகளை ஒவ்வொண்ணாத் தடை பண்ணுன பிறகு தற்கொலையே பெருமளவு குறைஞ்சுது. அமெரிக்காவுல 2021ல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேரு. அதுல 26 ஆயிரத்துக்கு மேல தற்கொலை. திருடனைச் சுட வாங்குனதுதான். டல்லாஸ் அண்ணன் தெருவுல திருட்டு இல்லாம இருக்கலாம், அந்த வீடுகளுக்குள்ள என்ன நடக்குன்னு தெருவுக்குத் தெரியாது.

தம்பி, உங்க வீட்டுக்காரி சொன்னதுக்கு இங்க யாரும் பதில் சொல்லல. எனக்கு அவங்க பேச்சுத்தான் சரின்னு படுது.

களக்காட்டு ஏத்தன்:

எல்லாருக்கும் நன்றி. ரிட்டயர்டு அண்ணாச்சி, தோட்டத்துல இருந்து காட்டு எல்லைக் கல்லு வரைக்கும் வண்டி மீட்டர்ல பாத்தேன். ஒரு கிலோமீட்டர் வரல. அப்ப இந்தத் துப்பாக்கி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். பன்னிக்கு வேற வழி பாக்கணும், சூரிய மின்வேலிக்கு மானியம் எழுதிப் போடலாம்னு பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்லுதாங்க.

வக்கீலம்மா கேட்டதுக்கு: தாத்தாவுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மறைக்க ஒண்ணும் இல்ல.

தம்பிட்டப் பேசுனேன். "நீ மாத்துனா நான் கையெழுத்துப் போட மாட்டேன், நீ வித்தா போடுவேன்"ங்கான். எனக்கும் அதுவே நிம்மதியா இருக்கு. விக்க முடியுமா? இன்னொண்ணு, பீரோவுல பழைய தோட்டா ஒரு டப்பா கிடக்கு. சில தோட்டாவுல பச்சை பூத்திருக்கு. அதையும் குடுக்கணுமா, இல்ல கிணத்துல போட்டுரலாமா?

பெருமாள்புரம் ரிட்டயர்டு:

ஏல, கிணத்துலயா! தோட்டாவும் லைசென்ஸ்ல சேந்ததுதான். எண்ணி, துப்பாக்கியோடயே ஒப்படைச்சு, ரசீதுல ரெண்டையும் தனித்தனியா எழுதி வாங்கு. நம்பரைத் துப்பாக்கியைப் பாத்து எழுதச் சொல்லு, பழைய புஸ்தகத்தைப் பாத்து எழுத விடாத. பச்சை பூத்ததைத் துடைக்கப் போகாத, அடிச்சுப் பாக்காத. முதல்ல ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுப் போ. அப்பாவோட இறப்புச் சான்றும் லைசென்ஸ் புஸ்தகமும் கையில இருக்கட்டும். குழல் காலியா இருக்கான்னு தெரிஞ்ச ஆளை வச்சுப் பாத்துட்டுக் கிளம்பு, தம்பியையும் பின்னால ஏத்திட்டுப் போ. சாக்கு வேண்டாம், அப்பா காலத்துப் பழக்கம் அது. உறையில போடு.

விக்கிறது பிறகு. லைசென்ஸ் உள்ள ஆளுக்கோ கடைக்கோ ஸ்டேஷன்ல இருந்தபடியே விக்கலாம், அதுக்கும் ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும். ரொம்ப நாள் கேக்காம விட்டா அரசாங்கத்துக்குப் போயிரும், அதையும் தெரிஞ்சுக்கோ. பழைய ஒத்தக்குழலுக்கு விலை ஒண்ணும் பெருசாக் கிடைக்காது, சண்டை போடுற அளவுக்கு இருக்காது.