யாழ்ப்பாண வரலாற்று அட்டை விளையாட்டு: காரணத்தை யார் சரிபார்ப்பது?

வணக்கம். தரம் 8க்காக, யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த கதையை அட்டை விளையாட்டாக்கி வருகிறோம். இடம் யாழ்ப்பாணம். 36 அட்டைகள், குழுவுக்கு 5 பேர், வகுப்பில் 7 குழுக்கள், ஒரு பாடவேளை 40 நிமிடம். முன்பக்கம் நிகழ்வு, பின்பக்கம் ஆண்டு. கால வரிசையில் அடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். இரண்டாம் ஆட்டத்திலேயே 1560, 1591, 1619, 1658 எல்லாம் மனப்பாடமாகிவிடுகின்றன. 1591இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண மன்னன் புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றியது, 1619இல் இராச்சியமே வீழ்வதற்கு எப்படி வழிவிட்டது என்று எவரும் யோசிப்பதில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

ஆண்டை எடுத்துவிட்டு நூற்றாண்டு மட்டும் போட்டோம்: 1560உம் 1591உம் ஒரே கட்டத்தில் விழ, ஓயாத வாக்குவாதம். ஒரு நிகழ்வு அடுத்ததற்கு எப்படிக் காரணமானது என்று கேட்கும் "ஏன்?" அட்டைகள் சேர்த்தோம்: ஒவ்வொரு இணைப்புக்கும் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருப்பதால் மற்றக் குழுக்கள் சும்மா இருக்கின்றன, நேரமும் போதவில்லை. ஓரங்களைப் புதிர்த்துண்டு போல வெட்டிப் பார்த்தோம். வாசிக்காமலே வடிவத்தைப் பொருத்துகிறார்கள். விடைத்தாள் கொடுத்தால் அதுவும் மனப்பாடம்தான். கைபேசி, இணையம் வகுப்பில் இல்லை.

ஆசிரியரும் விடைத்தாளும் இல்லாமல், காரண இணைப்பு ஏற்கத்தக்கதா என்பதைக் குழுவே 40 நிமிடத்துக்குள் தீர்மானிக்க எந்த விளையாட்டு விதி உதவும்?